நான்காண்டுப் பட்டியலில் இடம்பிடிப்பது எப்படி: அமெரிக்கப் பெருநகரங்களின் போக்குவரத்துத் திட்டத் தேர்வு, படிப்படியாக

ஓர் அமெரிக்கப் புறநகரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போகும் சாலையில் நடைபாதை கிடையாது. நகரசபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது, மேயரும் ஆதரவு, வரைபடம்கூடத் தயார். ஆனாலும் அந்த வேலை டி.ஐ.பி. என்ற வட்டாரப் பட்டியலில் ஏறாதவரை அதற்கு ஃபெடரல் பணம் ஒரு டாலர்கூட வராது.

டி.ஐ.பி. என்பது ஒரு பெருநகர வட்டாரம் அடுத்த நான்கு ஆண்டுகளில் எந்தப் போக்குவரத்து வேலையை, எந்த ஆண்டில், எந்தக் கணக்கிலிருந்து வரும் பணத்தில் செய்யப்போகிறது என்று சொல்லும் ஆவணம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், முழுக்க அட்டவணைகள். அங்கே குடியிருக்கும் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இருக்காது. பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்கூரை வருவதும் நெடுஞ்சாலைப் பாலம் பழுது பார்க்கப்படுவதும் அங்கேதான் முடிவாகிறது.

புதிதாக இதற்குள் வருபவர்கள், தேவை அதிகமுள்ள திட்டம் மேலே வரும் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பணத்தின் வகை, திட்டத்தின் தயார்நிலை என்ற இரண்டும் மதிப்பெண்ணுக்கு முன்பே பல திட்டங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. இந்த வழிகாட்டியில் அந்த இரண்டு இடங்களிலும் சற்று நின்று போவோம்.

முதல் படி: பட்டியல் யார் கையில் என்று தெரிந்துகொள்வது

1962-ல் வந்த ஃபெடரல் நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் தொடர்ச்சியான, முழுமையான, கூட்டுறவான திட்டமிடல் இருந்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்டது. அதிலிருந்து வளர்ந்தவைதான் எம்.பி.ஓ. எனப்படும் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகள். இன்று நாடு முழுக்க 400-க்கு மேல் இருக்கின்றன. 1975-ல் வந்த விதிகள் டி.ஐ.பி.யைக் கட்டாயமாக்கின. 'ஐஸ்டீ' என்று அழைக்கப்படும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு பூட்டையும் போட்டது: வரக்கூடிய பணத்துக்கு மேல் பட்டியல் போடக்கூடாது.

எம்.பி.ஓ. சாலை போடுவதில்லை, பேருந்து ஓட்டுவதில்லை. நகரங்கள், கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), பொதுப் போக்குவரத்து நிறுவனங்கள், மாநிலப் போக்குவரத்துத் துறை ஆகியவற்றின் பிரதிநிதிகள் அதன் கொள்கைக் குழுவில் உட்காருகிறார்கள். இறுதி வாக்கு அவர்களுடையது. அதற்குக் கீழே பொறியாளர்களும் திட்டமிடுநர்களும் உள்ள தொழில்நுட்பக் குழு இருக்கும். கொள்கைக் குழுக் கூட்டம் பெரும்பாலும் ஏற்கனவே முடிவானதைக் கையெழுத்தாக்கும் இடம். உண்மையான பேரம் தொழில்நுட்பக் குழுவில்தான் நடக்கும்.

வடிவங்களும் பலவிதம். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் எம்.டி.சி. ஒன்பது கவுண்டிகளைப் பார்க்கிறது. பிலடெல்பியாவின் டி.வி.ஆர்.பி.சி.யும் ஒன்பது கவுண்டிகளைப் பார்க்கிறது, ஆனால் அவை பென்சில்வேனியா, நியூஜெர்சி என்று இரண்டு மாநிலங்களில் கிடப்பதால் மாநிலத்துக்கு ஒன்றாக இரண்டு டி.ஐ.பி. போடுகிறது. ஓரிகனின் போர்ட்லாந்தில் உள்ள மெட்ரோவின் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற இடங்களில் மேயரும் கவுண்டி உறுப்பினரும் தங்கள் பதவியின் பேரில் வந்து உட்காருகிறார்கள். தங்கள் ஊரின் கோரிக்கையையும் கூடவே கொண்டுவருகிறார்கள், அதில் ஆச்சரியம் இல்லை.

நகர்ப்பகுதியின் மக்கள்தொகை 2,00,000-ஐத் தாண்டினால் அதிகாரம் கூடும். அங்கே தேசிய நெடுஞ்சாலை அமைப்பைச் சேர்ந்தவற்றையும் வேறு சிலவற்றையும் தவிர, ஃபெடரல் பணம் பெறும் திட்டங்களை எம்.பி.ஓ.வே மாநிலத்தையும் போக்குவரத்து நிறுவனத்தையும் கலந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறது. அதற்குக் கீழே உள்ள சிறிய வட்டாரங்களில் மாநிலமோ போக்குவரத்து நிறுவனமோ தேர்வு செய்யும், எம்.பி.ஓ. ஒத்துழைக்கும். உங்கள் வட்டாரம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். யாரிடம் பேச வேண்டும் என்பதே அதைப் பொறுத்து மாறும்.

இரண்டாம் படி: நீண்டகாலத் திட்டத்தோடு பொருந்துகிறதா?

ஒவ்வொரு எம்.பி.ஓ.வும் குறைந்தது 20 ஆண்டுகளை நோக்கிய நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும். காற்றின் தரம் பிரச்சினையாக உள்ள இடங்களில் அது 4 ஆண்டுக்கு ஒருமுறையும், மற்ற இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். டி.ஐ.பி.யில் உள்ள எதுவும் அதற்கு முரணாக இருக்கக்கூடாது. புதிய தடம் சேர்ப்பது, புதிய ரயில் பாதை போன்ற பெரிய வேலைகள் அதில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். நடைபாதை, சிக்னல், மறுபடி தார் போடுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பொதுவான இலக்கு ஒன்றைக் காட்டினால் போதும். சின்னத் திட்டம் வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: பணத்தை வகை பிரிப்பது

'எவ்வளவு பணம் இருக்கிறது?' என்று மட்டும் கேட்டால் இங்கே பயன் இல்லை. எந்தப் பணம் எதற்கு ஆகும் என்று தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும்.

2021 நவம்பர் 15-ல் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் 2022 முதல் 2026 வரையிலான நிதியாண்டுகளுக்குப் பணம் ஒதுக்கியது. ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கிச் செப்டம்பர் 30-ல் முடிகிறது. அதில் வட்டார அமைப்புகளுக்கு மிகவும் வேண்டியது எஸ்.டி.பி.ஜி. என்ற தொகுப்பு மானியம். சாலை, பாலம், பேருந்து, நடைபாதை என்று ஏறக்குறைய எதற்கும் வளையும். மாநிலத்துக்கு வரும் அந்தப் பணத்தில் 55 சதவீதம் மக்கள்தொகைப்படி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட வேண்டும். 2,00,000-க்கு மேற்பட்ட நகர்ப்பகுதிகளின் பங்கை அந்தந்த எம்.பி.ஓ. தேர்வு செய்கிறது. போட்டி மிகுந்த பணமும் இதுவே.

அடுத்தது சீமேக் எனப்படும் நெரிசல் குறைப்பு, காற்றுத் தர நிதி. தனியாகக் கார் ஓட்டுபவர்களுக்காகப் புதுத் தடம் போட இதைத் தொட முடியாது. சில மாநிலங்களில் இதையும் எம்.பி.ஓ. தேர்வு செய்யும், சிலவற்றில் மாநிலத் துறையே வைத்துக்கொள்ளும். நடைபாதை, மிதிவண்டிப் பாதைகளுக்கென்று மாற்றுப் போக்குவரத்து ஒதுக்கீடு தனியாக உண்டு. பாதுகாப்பு மேம்பாட்டு நிதியை மாநிலம் விபத்துத் தரவைப் பார்த்துக் கொடுக்கும். அதில் ஃபெடரல் பங்கு பொதுவாக 90 சதவீதம். பேருந்து, ரயில் நிறுவனங்களுக்கு 5307, 5337, 5339 என்று சட்டப் பிரிவு எண்களையே பெயராகக் கொண்ட கணக்குகள் இருக்கின்றன. அந்தத் துறையில் இருப்பவர்கள் 'அது 5307 பணம்' என்றுதான் பேசுவார்கள்.

பெரும்பாலான சாலை வேலைகளில் ஃபெடரல் பங்கு 80 சதவீதம், மீதி 20 சதவீதம் உள்ளூர்ப் பங்கு. மேலே சொன்ன பள்ளிச் சாலையையே எடுத்துக்கொள்வோம்: இரண்டு மைல் நடைபாதை, மிதிவண்டித் தடம், இரண்டு சிக்னல், எல்லாம் சேர்ந்து 10 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மில்லியன் ஃபெடரல், 2 மில்லியன் நகரத்தினுடையது. அந்த 2 மில்லியன் எங்கிருந்து வரும் என்று நகரசபைத் தீர்மானத்தைக் காட்டாத விண்ணப்பம் முதல் சுற்றிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று: ஃபெடரல் அரசு முன்பணம் தருவதில்லை. அலுவலக வேலையாக ஊருக்குப் போனவர் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு பில் கொடுத்து வாங்குவது போலத்தான். நகரம் முதலில் செலவு செய்ய வேண்டும், பிறகு மாநிலம் வழியாகத் திரும்பப் பெற வேண்டும். அதுவும், அனுமதி கிடைப்பதற்கு முன் செய்த செலவு திரும்ப வராது. அவசரப்பட்டு ஒப்பந்தம் போட்டுப் பணத்தை இழக்கும் சின்ன ஊர்கள் உண்டு.

அதனாலேயே, மிகச் சிறிய வேலைகளுக்கு ஃபெடரல் பணத்தைத் தேடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்காவில் செய்த பொருளையே வாங்க வேண்டும் என்ற விதிகள், டேவிஸ்-பேகன் என்ற கூலிச் சட்டப்படியான கூலி, சுற்றுச்சூழல் ஆவணம், நிலம் எடுக்கும் நடைமுறை எல்லாம் சேரும்போது சாலையில் பாதசாரிகள் கடக்கப் போடும் ஒரு கோட்டுக்கு ஆகும் காகிதச் செலவு பெயிண்ட் செலவைத் தாண்டிவிடும். பல எம்.பி.ஓ.க்கள் இதற்காகவே குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்திருக்கின்றன. சில மாநிலங்களில் ஃபெடரல் பணத்தைக் கொடுத்துவிட்டு விதிகள் குறைந்த மாநிலப் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

நான்காம் படி: விண்ணப்ப அழைப்பு

ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எம்.பி.ஓ. திட்டங்களைக் கேட்டு அழைப்பு விடும். மினியாபொலிஸ்-செயின்ட் பால் வட்டாரத்தின் மெட்ரோபாலிட்டன் கவுன்சில் பல ஆண்டுகளாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் போட்டியை நடத்திவருகிறது. போர்ட்லாந்தின் மெட்ரோ, வட்டாரம் முழுவதற்கும் ஏற்கனவே வாக்குக் கொடுத்த செலவுகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் உள்ளூர்த் திட்டங்களுக்குப் போட்டியாக வைக்கிறது. எம்.டி.சி. 2012-ல் தொடங்கிய ஒன் பே ஏரியா மானியத்தில் ஒரு நகரம் பங்கு பெற வேண்டுமானால், அதன் குடியிருப்புத் திட்டம் மாநிலத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும். வீடு கட்ட இடம் விடாத ஊருக்குச் சாலைப் பணமும் இல்லை என்ற நிபந்தனையை இத்தனை வெளிப்படையாக வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

தனிமனிதரோ குடியிருப்போர் சங்கமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நகரமோ கவுண்டியோ போக்குவரத்து நிறுவனமோ பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். எனவே குடிமக்கள் அழுத்தம் கொடுக்க வேண்டிய நேரம், டி.ஐ.பி. வரைவு வெளிவரும் நேரம் அல்ல. அழைப்பு வருவதற்கு ஓராண்டு முன்னாலேயே நகரப் பொறியாளரின் மேசைக்குக் கோரிக்கை போயிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மதிப்பெண்

விண்ணப்பங்கள் வந்ததும் மதிப்பெண் போடுவார்கள். பாதுகாப்பு, நெரிசல், பாலங்கள் மற்றும் சாலைப் பரப்பின் நிலை, காற்றுத் தரம், வேலைவாய்ப்பு இடங்களுக்குப் போய்ச்சேரும் வசதி, வசதி குறைந்த மக்களுக்குக் கிடைக்கும் பயன், செலவுக்கேற்ற பலன், தயார்நிலை ஆகியவை வழக்கமான அளவுகோல்கள். 2012-ல் வந்த மேப்-21 சட்டத்துக்குப் பிறகு, சாலை மரணம், படுகாயம், பாலத்தின் நிலை, பயண நேரத்தின் நம்பகத்தன்மை போன்றவற்றுக்கு மாநிலமும் எம்.பி.ஓ.வும் எண்களில் இலக்கு வைக்க வேண்டும். தங்கள் பட்டியல் அந்த இலக்கை நோக்கி எப்படி உதவுகிறது என்று டி.ஐ.பி.யிலேயே விளக்கவும் வேண்டும். அதனால் 'எங்கள் ஊருக்கு இது முக்கியம்' என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தச் சந்திப்பில் எத்தனை படுகாய விபத்து, நீங்கள் சொல்லும் மாற்றம் அதில் எவ்வளவைக் குறைக்கும் என்பதற்குத்தான் மதிப்பெண்.

மதிப்பெண் அட்டவணையைப் படிக்கும்போது, ஓர் அளவுகோலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பாதுகாப்புக்கு 30, தயார்நிலைக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு வந்த எல்லாத் திட்டங்களும் பாதுகாப்பில் 24-க்கும் 27-க்கும் இடையே வாங்குகின்றன. தயார்நிலையில் சிலவற்றுக்கு 0, சிலவற்றுக்கு 10. காகிதத்தில் பாதுகாப்பு மூன்று மடங்கு முக்கியம். ஆனால் அங்கே மேல் கீழ் வித்தியாசம் 3 மதிப்பெண்தான், தயார்நிலையிலோ 10. தரவரிசையை மாற்றிப் போடுவது தயார்நிலையே. முந்தைய சுற்றின் முடிவுகள் இணையத்தில் இருந்தால், ஒவ்வொரு பத்தியிலும் அதிகபட்சம், குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். உங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பகுதிக்கு உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பெரிய திட்டத்தையும் சிறிய திட்டத்தையும் ஒரே தராசில் வைப்பதும் சிக்கல்தான். மொத்தப் பலனைப் பார்த்தால் நெடுஞ்சாலை ஜெயிக்கும். டாலருக்கு எவ்வளவு பலன் என்று பார்த்தால் சிக்னல் நேரத்தை மாற்றும் மலிவான வேலை எல்லாவற்றையும் அடித்துவிடும். அதனால் விவரமான எம்.பி.ஓ.க்கள் முதலிலேயே பணத்தைப் பாத்திகளாகப் பிரித்துவிடுகின்றன: சாலை மேம்பாடு, பாலம், நடை-மிதிவண்டி, பேருந்து என்று. ஒவ்வொரு பாத்திக்குள்ளும்தான் போட்டி. பாத்தியின் அளவை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அப்போது மதிப்பெண்ணைவிடப் பெரிதாகிவிடும். அது கொள்கைக் குழுவின் வேலை, அரசியல் வேலை. அதை ஒளிக்கத் தேவையில்லை.

அப்புறம் அந்தப் பழைய ஆசை: ஒவ்வொரு ஊருக்கும் மக்கள்தொகைப்படி பங்கு வைத்துவிடலாமே? ஃபெடரல் விதி இதற்கு இடம் கொடுப்பதில்லை. பகுதிவாரியாக வரும் பணத்தை ஊர்களுக்கோ போக்குவரத்து வகைகளுக்கோ முன்கூட்டியே நிர்ணயித்த சதவீதத்தில் பிரிப்பது, முன்னுரிமைப்படி பட்டியல் போட வேண்டும் என்ற சட்டத்துக்கு முரண் என்று அது நேராகச் சொல்கிறது. திட்டமிடலில் கவனிக்க வேண்டிய காரணங்களின் அடிப்படையில்தான் அந்தப் பங்கீடு வந்தது என்று தெளிவாகக் காட்டினால் மட்டுமே விலக்கு. நடைமுறையில், நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கவுண்டியும் வெறுங்கையோடு போகாதபடி பட்டியல் அமைந்துவிடும். அது தற்செயல் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: தயார்நிலை

பல திட்டங்கள் இங்கேதான் சாகின்றன.

ஃபெடரல் பணம் பெறும் வேலைக்குக் கட்டங்கள் உண்டு. முதற்கட்டப் பொறியியல், 'நீபா' சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் ஆய்வு, இறுதி வடிவமைப்பு, நிலம் எடுப்பு, மின்கம்பங்களையும் குழாய்களையும் இடம் மாற்றுவது, கடைசியில் கட்டுமானம். டி.ஐ.பி.யில் திட்டத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கட்டத்துக்கு எந்த ஆண்டில் எவ்வளவு பணம் என்று தனித்தனியாக இருக்கும். வடிவமைப்புக்கு மட்டும் பணம் உள்ள திட்டத்தைப் பார்த்து 'எங்கள் பாலம் வந்துவிட்டது' என்று கொண்டாடும் உள்ளூர்ச் செய்திகளைப் படித்தால் சிரிப்பு வரும்.

சிறிய வேலைகளுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வில் விலக்கு வகை ஒன்று இருக்கிறது, மாதக்கணக்கில் முடியும். பெரிய தாக்கம் உள்ளவற்றுக்கு முழு அறிக்கை வேண்டும், ஆண்டுகள் ஆகும். நம் பள்ளிச் சாலை விலக்கு வகையில் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நடைபாதைக்கு நான்கு வீடுகளின் முன்பக்கத்தில் ஐந்தடி நிலம் வேண்டும். 1970-ஆம் ஆண்டின் சீரான நில எடுப்புச் சட்டப்படி மதிப்பீடு, எழுத்துமூலமான விலை, பேச்சுவார்த்தைக்கான அவகாசம் எல்லாம் கொடுக்க வேண்டும். நகரம் தன் சொந்தப் பணத்தில் முன்பே அவசரமாக வாங்கிவிட்டால்கூட, இந்த முறை பின்பற்றப்படவில்லையென்றால் பிறகு வரும் ஃபெடரல் கட்டுமானப் பணத்துக்கே ஆபத்து.

ரயில் பாதையைத் தொடும் திட்டம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். தனியார் ரயில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட நகரத்தின் கால அட்டவணை செல்லுபடியாகாது. நூறடி தூரம் தண்டவாளத்தைக் கடக்கும் மிதிவண்டிப் பாதை, மைல் கணக்கில் போகும் சாலை வேலையைவிடத் தாமதமாவது சாதாரணம்.

எம்.பி.ஓ.வுக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், பணத்துக்கு ஆயுள் உண்டு. எஸ்.டி.பி.ஜி., சீமேக் போன்றவை ஒதுக்கப்பட்ட ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டுகளையும் தாண்டி நிற்காது. கலிபோர்னியா 1999-ல் ஏ.பி. 1012 சட்டத்தின் வழியே, மூன்று ஆண்டுக்குள் ஒப்புறுதி ஆகாத (அதாவது, தருவதாக ஃபெடரல் அரசு சட்டப்படி பொறுப்பேற்காத) வட்டாரப் பணத்தை எடுத்து வேறு இடத்துக்குக் கொடுக்கலாம் என்று வைத்துவிட்டது. ஒரு நல்ல திட்டம் தாமதமானால் அது மட்டும் தள்ளிப்போவதில்லை. வட்டாரத்தின் பணமே பக்கத்து வட்டாரத்துக்குப் போய்விடலாம். எனவே, 90 மதிப்பெண் வாங்கிய ஆனால் நிலம் எடுக்காத திட்டத்தைவிட, 75 வாங்கிய ஆனால் வரைபடம் முடிந்த திட்டத்தை ஊழியர்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

அதன் மறுபக்கமும் உண்டு. வரைபடத்தைச் சொந்தச் செலவில் முடித்து வைத்திருக்கக்கூடியவை வசதியான ஊர்கள். பொறியாளரே இல்லாத ஏழைப் புறநகர் தயார்நிலையில் எப்போதும் பூஜ்யம்தான் வாங்கும். இதற்கு மருந்தாகச் சில எம்.பி.ஓ.க்கள் வடிவமைப்புக்கு மட்டும் தனி நிதி தருகின்றன, அல்லது உள்ளூர்ப் பங்கைக் குறைக்க வழி செய்கின்றன. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், கேட்டு வாங்க வேண்டிய முதல் சீர்திருத்தம் அதுதான் என்பேன்.

ஏழாம் படி: நான்கு ஆண்டுகளில் அடுக்குவது

இப்போது தேர்வான திட்டங்களை ஆண்டுவாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டிலும், ஒவ்வொரு கணக்கிலும், செலவு வரவைத் தாண்டக்கூடாது. காற்றுத் தரம் மோசமாக உள்ள இடங்களிலும், முன்பு மோசமாக இருந்து கண்காணிப்பில் உள்ள இடங்களிலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இன்னும் கடுமை: கையில் உள்ள அல்லது உறுதியான பணம் மட்டும்தான் கணக்கில் சேரும்.

புதிய பட்டியல் என்றாலும் அதில் பெரும்பகுதி பழைய திட்டங்களே. முந்தைய பட்டியலிலிருந்து வந்தவை முதல் இரண்டு ஆண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். புதியவருக்கு மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் இடம். இதனால் செலவுக் கணக்கும் மாறுகிறது. 2007 டிசம்பரிலிருந்து, செலவை இன்றைய விலையில் எழுதக்கூடாது, பணம் செலவாகும் ஆண்டின் விலையில் எழுத வேண்டும் என்பது விதி. நம் 10 மில்லியன் டாலர் வேலை நான்கு ஆண்டு தள்ளி நடக்கிறது, விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்றால் சுமார் 11.7 மில்லியன். எம்.பி.ஓ. தருவது 8 மில்லியன் என்று நிலையாக வைத்துவிட்டால், ஏறிய 1.7 மில்லியன் முழுக்க நகரத்தின் தலையில். 2 மில்லியனுக்குத் தீர்மானம் போட்ட நகரசபை 3.7 மில்லியன் தேட வேண்டும். விண்ணப்பத்தில் குறைத்துக் காட்டி ஜெயித்தவர்கள் அழுவது இந்த இடத்தில்தான்.

ஃபெடரல் பணமே இல்லாவிட்டாலும் வட்டார அளவில் முக்கியமான திட்டம் என்றால் பட்டியலில் இருக்க வேண்டும். தார் போடுவது, தடுப்புக்கம்பி மாற்றுவது போன்ற சிறு வேலைகளை ஒரே வரியில் தொகுப்பாகப் போடலாம். அதனால் உங்கள் தெரு பெயர் சொல்லி இல்லை என்பதாலேயே வேலை இல்லை என்று அர்த்தமில்லை.

எட்டாம் படி: காற்றின் சம்மதம்

ஓசோன், நுண்துகள் போன்றவற்றில் தேசியத் தரத்தை எட்டாத வட்டாரங்கள், தங்கள் பட்டியலால் வண்டிப் புகை மாநிலத்தின் காற்றுத் திட்டத்தில் உள்ள வரம்பைத் தாண்டாது என்று மாதிரிக் கணக்கு போட்டு நிரூபிக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் இதை இறுக்கியது. நிரூபிக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்று அட்லாண்டா பார்த்தது. 1998 ஜனவரியில் அதன் இசைவு, அதாவது வரம்பைத் தாண்டாது என்ற நிரூபணம், காலாவதியானது, 2000 ஜூலையில்தான் மீண்டது. அதற்கிடையே புதிய சாலை விரிவாக்கங்களுக்கு ஃபெடரல் பணம் நின்றது. அந்த நெருக்கடியில்தான் ஜார்ஜியா மாநிலம் 1999-ல் வட்டாரப் போக்குவரத்துக்கென்று புதிய ஆணையம் ஒன்றையே உருவாக்கியது. நடைபாதை, மிதிவண்டிப் பாதை, மறுதார் போன்றவை இந்தக் கணக்கிலிருந்து விலக்கு பெற்றவை. பெரிய திட்டங்கள் மாட்டிக்கொண்டாலும் இவை நகரும்.

ஒன்பதாம் படி: கருத்துக் கேட்பும் ஒப்புதலும்

வரைவு தயாரானதும் மக்கள் கருத்துக்கு வெளியிடப்படும். பலரும் 45 நாள் என்று நினைக்கிறார்கள். விதியில் உள்ள 45 நாள், மக்கள் பங்கேற்புத் திட்டம் என்ற வேறு ஆவணத்துக்கு. டி.ஐ.பி.க்கு எத்தனை நாள் என்பதை அந்தப் பங்கேற்புத் திட்டம் சொல்லும், பெரும்பாலும் 30 நாளை ஒட்டி இருக்கும். இந்தக் கட்டத்தில் புதிய திட்டத்தைச் செருகுவது நடக்காத காரியம். ஆனால் தவறான எல்லைகள், விடுபட்ட நடைபாதை, இரண்டு திட்டங்கள் ஒரே சாலையை அடுத்தடுத்த ஆண்டுகளில் தோண்டுவது போன்றவற்றைச் சுட்டிக்காட்டினால் திருத்துவார்கள்.

பிறகு கொள்கைக் குழுவும் மாநில ஆளுநரும் ஒப்புதல் தர வேண்டும். ஆளுநர் பொதுவாக இதைப் போக்குவரத்துத் துறையிடம் ஒப்படைத்திருப்பார். ஒப்புதலான டி.ஐ.பி. ஓர் எழுத்தும் மாறாமல் மாநிலத்தின் பட்டியலில் சேரும். மாநிலப் பட்டியலுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை நிர்வாகமும் பொதுப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து அனுமதி தரும். சட்டம் 4 ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்கிறது, பென்சில்வேனியா போன்ற இடங்களில் 2 ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறார்கள்.

பத்தாம் படி: ஒப்புதலுக்குப் பிறகு

அச்சான அன்றே பட்டியல் பழசாகத் தொடங்கும். சிறு செலவு மாற்றம், அதே நான்காண்டுக்குள் ஆண்டை நகர்த்துவது போன்றவற்றை ஊழியர்களே நிர்வாகத் திருத்தமாகச் செய்துவிடுவார்கள். புதிய திட்டம் சேர்ப்பது, பெரிய அளவில் செலவு ஏறுவது, வேலையின் தன்மையே மாறுவது என்றால் முழுத் திருத்தம்: மறுபடி கருத்துக் கேட்பு, வரவு-செலவு நிரூபணம், தேவைப்பட்டால் காற்றுக் கணக்கு. எந்த அளவைத் தாண்டினால் முழுத் திருத்தம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு.

பேரிடர் வேலைகள் இந்த வரிசையில் நிற்பதில்லை. இருந்ததை இருந்தபடி மீட்கும் அவசர நிவாரணப் பணிகளை டி.ஐ.பி.யில் ஏற்ற வேண்டிய கட்டாயமில்லை. 2023 ஜூன் 11-ல் பிலடெல்பியாவில் டேங்கர் லாரி எரிந்து ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பாலப்பகுதி இடிந்தது. ஜூன் 23-ல் தற்காலிகத் தடங்களில் வண்டிகள் ஓடின. 'அது பன்னிரண்டு நாளில் முடிந்ததே, எங்கள் நடைபாதைக்கு ஏன் ஆறு ஆண்டு?' என்று கேட்பவர்களுக்குப் பதிலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

பட்டியலில் உள்ள பணம் உண்மையில் உறுதியாவது ஒப்புறுதி நாளில்தான். அன்றுதான் ஃபெடரல் அரசு 'இந்தக் கட்டத்துக்கு இவ்வளவு தருகிறேன்' என்று சட்டப்படி பொறுப்பேற்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. சில கணக்குகளில் அந்த வரம்பு பயன்படாமல் தேங்கும்போது, அதை வாங்கிச் செலவு செய்ய முடிந்த மாநிலங்களுக்கு ஆகஸ்டில் மறுபங்கீடு செய்கிறார்கள். 2024-ல் அப்படிப் பிரிக்கப்பட்டது சுமார் 8.7 பில்லியன் டாலர். செப்டம்பர் 30-க்குள் ஒப்புறுதி செய்யத் தயாராக உள்ள வேலை கையில் இருக்கும் மாநிலத்துக்குத்தான் அதில் பங்கு. இதனால் சிகாகோ வட்டாரத்தின் எம்.பி.ஓ.வான சிமேப் போன்றவை, தேர்வான திட்டங்களோடு ஒரு மாற்றுப் பட்டியலையும் வைத்திருக்கின்றன. முன்னே உள்ளது தவறினால் பின்னே உள்ளது ஏறும். போட்டியில் தோற்றுவிட்டோம் என்று வரைபட வேலையை நிறுத்திவிடாதீர்கள். மாற்றுப் பட்டியலில் இருந்துகொண்டே நில வேலையை முடித்து வைத்திருக்கும் ஊர், ஜூலை மாதம் ஒரு தொலைபேசி அழைப்பில் பணம் வாங்கிய கதைகள் இந்தத் துறையில் புதிதல்ல.

கடைசியாக, எம்.பி.ஓ. சொன்னது நடந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள், அந்த ஆண்டில் உண்மையில் ஒப்புறுதியான திட்டங்களின் பட்டியல் வெளியாக வேண்டும் என்பது சட்டம். டி.ஐ.பி.யில் அதே ஆண்டுக்கு எழுதியிருந்தவற்றோடு அதை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் நிலமா, ரயிலா, உள்ளூர்ப் பங்கா என்று தொழில்நுட்பக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் யாரும் வந்து உட்காரக்கூடியவை, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எம்.பி.ஓ.வின் இணையதளத்திலேயே கிடைக்கும்.